மனம் சோர்ந்து கிடந்த எனக்கு எலியாவின் கதை செய்தது

"ஜெபிக்கக்கூட முடியாத அளவுக்கு மனம் சோர்ந்துபோய், பிறகு மீண்டவர்கள் இருக்கிறீர்களா? விசுவாசம் எப்படி உதவியது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உதவியது பைபிளின் பழைய ஏற்பாட்டில் வரும் 1 இராஜாக்கள் புத்தகத்தின் 19ஆம் அதிகாரம். அதில் ஆண்டவர் எலியா என்ற தீர்க்கதரிசிக்கு எதை முதலில் செய்தார், எதைப் பிறகு செய்தார் என்று பாருங்கள்.

கர்மேல் மலையில் பாகால் என்ற அந்நிய தெய்வத்தின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே தனியாளாக நின்றவர் எலியா. அப்படிப்பட்டவர் ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். ஆண்டவர் அவரைக் கண்டிக்கவே இல்லை. தூங்கவிட்டார். தூதன் வந்து தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்கும் ஒரு திட்டு இல்லை, இன்னொரு வேளைச் சாப்பாடுதான் வந்தது.

எங்களுக்கு சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் விசைத்தறி இருந்தது. நூல் விலை ஏறியது, கூலி கட்டுப்படியாகவில்லை, வட்டி ஏறிக்கொண்டே போனது. கடைசியில் தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டோம். வாசலிலேயே சம்மட்டியால் உடைத்து, எடை போட்டு, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். அந்தச் சத்தம் நின்ற வீட்டில் எனக்குத் தூக்கம் வரவில்லை. இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போடத் தெரியும். வேறு என்ன தெரியும், இனி நான் எதற்கு என்ற நினைப்பு ராத்திரி முழுக்க ஓடும்.

வந்தவர்கள் எல்லோரும் "இன்னும் நன்றாக ஜெபம் பண்ணு" என்றார்கள். எங்கள் சபை ஆயர் மட்டும், "சாப்பிடுறீங்களாம்மா? தூங்குறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இந்த அதிகாரத்தை வாசித்துக் காட்டி, மனநல டாக்டரைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன், மாத்திரையும் சாப்பிட்டேன். மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு என்று சொல்பவர்களை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடையும் தண்ணீரும் அனுப்பியவர்தான் டாக்டரையும் வைத்திருக்கிறார். சாக வேண்டும் என்ற எண்ணம் உங்களுக்கு வந்தால் தயவுசெய்து 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது.

உடம்பு கொஞ்சம் தேறியதும் ஏற்காட்டுக்குப் போய்ச் சில நாள் இருந்தேன். மேலே பனியும் காப்பித் தோட்டமும் மனதுக்கு இதமாகத்தான் இருந்தன. ஆனால் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி அடிவாரம் வருவதற்குள் பழைய பாரம் திரும்பிவிட்டது. எலியாவும் ஓரேப் மலைக்குப் போனார். அங்கே ஆண்டவர், "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கே கேட்டது போல இருந்தது. மெல்லிய சத்தத்தில் பேசினார் என்பதைத்தான் எல்லாரும் பிரசங்கத்தில் சொல்வார்கள். அப்புறம் நடந்ததுதான் என்னைப் பிடித்துக்கொண்டது: வந்த வழியே திரும்பிப் போ என்று செய்ய வேண்டிய வேலைகளைப் பேர் சொல்லிக் கொடுத்தார். நான் ஒருவன்தான் மீதி என்று புலம்பியவருக்கு, பாகாலுக்கு முழங்கால் முடக்காத 7000 பேர் இருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

எனக்கு வந்த வேலை மிகச் சின்னது. சபையில் ஒரு அக்கா, "வியாழக்கிழமை பெரியாஸ்பத்திரிக்கு வர்றியா, கூட ஆள் இல்லாம வர்றவங்களுக்குத் துணையா இருக்கணும்" என்று கூப்பிட்டார். மனமில்லாமல்தான் போனேன். சேர்வராயன் மலைக் கிராமத்திலிருந்து வந்த ஒரு பாட்டி, சுருக்குப் பையிலிருந்து நாலாக மடித்த சீட்டை எடுத்து, "இது எந்த ரூம் கண்ணு?" என்றது. படித்துச் சொல்லி, ரத்தம் எடுக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய், வரிசையில் பக்கத்திலேயே நின்றேன். ஊசி குத்தும்போது என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. "இனி நான் எதற்கு" என்ற நினைப்பு அன்றைக்குப் பூராவும் வரவில்லை என்பது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது.

இப்போதும் போகிறேன். கடன் இன்னும் தீரவில்லை, தறியும் திரும்பி வரவில்லை. ஆனால் காலையில் எழும்போது, இன்றைக்கு யாரிடம் அனுப்பப் போகிறீர் ஆண்டவரே என்று கேட்க முடிகிறது. என் ஜெபமே இப்போது அவ்வளவுதான்.

நீங்கள் ஜெபிக்க முடியவில்லை என்கிறீர்கள். சரி, உங்களைக் கட்டாயப்படுத்திக்கொள்ள வேண்டாம். சபையில் நீங்கள் நம்புகிற ஒருவரிடம் போய், "எனக்கு முடியல, எனக்காக நீங்க ஜெபிங்க" என்று மட்டும் சொல்லுங்கள். எலியாவுக்கே துணைக்கு, அவருக்குப் பிறகு தீர்க்கதரிசியான எலிசாவைக் கொடுத்துத்தான் ஆண்டவர் அனுப்பினார்.