மோல்டுல எங்க சீல் போடணும், எங்க போடக்கூடாது

வணக்கம் சார்,

உங்க சைட்ல வயலின் செய்யறதப் பத்தி வந்த கட்டுரைகளப் படிச்சிட்டுதான் இதுல இறங்கினேன். வயலினோட பக்கச் சுவர சுத்தி வளைச்சு கட்டற உள் அச்சு, அதான் உள் மோல்டு, 18 மிமீ பிர்ச் பிளைவுட்ல வெட்டினேன். பாலியூரத்தேன் வார்னிஷ் ரெண்டு கோட், பிளாக் (மூலைலயும் முனைலயும் வர்ற சின்ன மரக்கட்டை) உக்கார்ற காடிங்க, அதாவது வெட்டுப் பள்ளங்க உட்பட ஒரு இடம் விடாம அடிச்சாச்சு. பிளாக்க வஜ்ரம் (மரத்த ஒட்டற பசை) வச்சு ஒட்டி, மறுநாள் வளைவுக்கு செதுக்க உளிய வச்சா மூலை பிளாக் ரெண்டு பட்டுனு கையோட வந்துடுச்சு. மரம் ஈரம் குடிக்காம, பசை பிடிக்காம இருக்க பூச்சு அடிக்கற இந்த சீல் போடறதே தேவையில்லையோ? வெறும் மரமா விட்டுடுன்னு ஒருத்தர் சொல்றார், மெழுகுவர்த்திய தேய்ச்சா போதும்னு இன்னொருத்தர். எதைக் கேக்கறது?

கே.

அன்புள்ள கே.,

சீல் தேவைதான். நீங்க காடிக்குள்ளயும் அடிச்சீங்க பாருங்க, அங்கதான் வம்பு.

ஒரே மோல்டுகிட்ட நாம ரெண்டு எதிரெதிர் வேலை கேக்கறோம். பிளாக் அதுல ஒட்டணும், அதுவும் செதுக்கற வரைக்கும் அசையாம, ஆனா கடைசில லேசா தட்டினா விட்டுடற மாதிரி. ரிப்பு, அதான் வயலினோட பக்கச் சுவர், எங்கயுமே மோல்டுல ஒட்டக்கூடாது. ரிப் வெறும் 1 மிமீ மேப்பிள், பிளாக்ல ஒட்டறப்ப பிதுங்கற வஜ்ரம் ஓரமா வழிஞ்சு மோல்டு விளிம்புல பிடிச்சுதுன்னா, எடுக்கறப்ப ரிப் கிழியும், இல்ல அதோட நார் மோல்டுலயே தங்கிடும். அதனால விளிம்புக்கு சீல் உண்டு, காடிக்கு கிடையாது.

வெறும் மரமா விடலாம்னு சொன்னவர் பிளைவுட்ல வேலை செஞ்சிருக்க மாட்டார்னு நினைக்கறேன். பிளைவுட் விளிம்புல ஒண்ணு விட்டு ஒண்ணு லேயர் வெட்டு முனைய காட்டிட்டு நிக்கும், அது தண்ணிய உறிஞ்சற வேகமே தனி. ஈரமா வளைச்ச ரிப்ப அதுமேல கட்டி வச்சா அந்த லேயருங்க மட்டும் உப்பி விளிம்பு வரிவரியா மேடாயிடும். எம்டிஎஃப்னா (மர நார அழுத்தி செஞ்ச பலகை) இன்னும் மோசம், ஒருதடவ உப்பினா திரும்ப இறங்காது.

எதால சீல் போடறதுன்னா, நான் ஷெல்லாக் (அரக்கு) கட்சி. ஸ்பிரிட்ல கரைச்சு நல்லா நீர்க்க, ரெண்டு மூணு கோட். சீக்கிரம் காயும், கனம் ஏறாது, கீறல் விழுந்தா மேல ஒரு கோட் அடிச்சா பழசோட சேர்ந்துக்கும். பாலியூரத்தேன்ல அது நடக்காது, புது கோட் பழசு மேல தனியாதான் உக்காரும். அதுக்காக நீங்க அடிச்சத உரிச்செடுக்க வேண்டாம், விளிம்புல அது பாட்டுக்கு இருக்கட்டும். ஷெல்லாக்குக்கும் ஒரு குணம் உண்டு, சூடு பட்டா இளகும். ரிப்ப வளைக்கற சூடான இரும்புலேந்து எடுத்த கையோட மோல்டுல வச்சு இறுக்கினா ஒட்டிக்க வாய்ப்பிருக்கு, அதனால ரிப் ஆறினப்பறம்தான் கட்டணும். கடைசி கோட் அடிச்சு ஒரு நாள் விட்டுட்டு வேலைய ஆரம்பிக்கறதும் இதுக்காகத்தான்.

மெழுகு சொன்னவரும் தப்பா சொல்லல, எப்பங்கறத சொல்லாம விட்டுட்டார். மெழுகு பட்ட இடத்துல வஜ்ரம் பிடிக்காது, அந்த இடம் பிளாக்கோட முகமா இருந்தாலும் சரிதான். முன்னாடியே தேய்ச்சு வச்சீங்கன்னா கைல ஒட்டி, உளில ஒட்டி, கடைசில நீங்க ரிப்ப ஒட்டப் போற முகத்துலயே வந்து உக்காரும். அதனால பிளாக்க ஒட்டி, செதுக்கி, எல்லாம் முடிஞ்சப்பறம் ரெண்டு பிளாக்குக்கு நடுவுல இருக்கற விளிம்புல மட்டும் லேசா, பிளாக்க நெருங்காம ஒரு விரல் தள்ளியே நிறுத்தி தேய்ங்க. ஷெல்லாக் ஒழுங்கா இருந்தா அதுகூட தேவையில்லங்கறது என் எண்ணம்.

சீலுக்கு முன்னாடி செய்ய வேண்டியதப் பத்தி நீங்க ஒண்ணும் எழுதல, எனக்கு அங்கதான் சந்தேகம். விளிம்பு மோல்டு முகத்துக்கு சரியா 90 டிகிரில நிக்குதா? சின்ன மூலைமட்டத்த வச்சு வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சு விளிம்பு பூரா நகத்திக்கிட்டே வாங்க, எங்க வெளிச்சம் கசியுதோ அங்க மூலைமட்டத்த தொட்டுட்டு நிக்கற மேட்டுல அரம். 15 மிமீ கனத்துல அரை மிமீ சாய்வுன்னா 30 மிமீ உயர ரிப்புல அது 1 மிமீ ஆயிடும், அப்பறம் மேல் பலகைக்கும் கீழ் பலகைக்கும் வெளிக்கோடு ஒண்ணா வராது. குறிப்பா இடுப்பு வளைவுல உப்புத்தாள வெறும் கையால தேய்ச்சா விளிம்பு உருண்டு போகும், உருளைக் கட்டைல சுத்தித் தேய்ங்க. பிளைவுட் நடுவுல பொந்து தெரிஞ்சா இப்பவே அடைச்சிருங்க. நடுக்கோட்ட ரெண்டு முகத்துலயும் போட்டு ரெண்டு முனை வழியாவும் இணைச்சுட்டு, அதுக்கு மேல ஷெல்லாக் அடிங்க. பென்சில் கோடு அடியில பத்திரமா இருக்கும், எத்தனை வயலின் போட்டாலும் அழியாது. கிளாம்ப் போடற ஓட்டைங்களோட உள்சுவருக்கும் ஒரு கோட், அதுவும் வெட்டு முனைதானே.

18 மிமீ கனம் கொஞ்சம் நெருக்கடிதான். ரிப் 30 மிமீன்னா பக்கத்துக்கு 6 மிமீதான் மிஞ்சும், ரிப்போட உள்பக்கம் ஓரமா ஒட்டற பட்டை, அதான் லைனிங், பொதுவா 7, 8 மிமீ உயரம், எங்க உக்காரும்? இத்தாலில க்ரெமோனா மியூசியத்துல இருக்கற, வயலின் மேதை ஸ்ட்ராடிவாரியோட மோல்டுங்கள பாருங்க, வால்நட் மரம், கனம் சுமார் 15 மிமீதான், அங்க ரெண்டு பக்கமும் லைனிங்குக்கு இதவிட அதிக இடம் கிடைச்சிருக்கும். உங்களோடத பிளேன் பண்ணி குறைக்கச் சொல்ல மாட்டேன், பிளைவுட் லேயர் பேந்து தொலையும். மோல்ட நடுவுல வைக்காம ஒரு பக்கமா தள்ளி வச்சுக்குங்க, பெரிசா இடம் விட்ட பக்கம் லைனிங்க முதல்ல ஒட்டி அந்தப் பலகையயும் சேர்த்துட்டா மோல்ட எடுத்தப்பறம் இன்னொரு பக்கத்த நிதானமா பாத்துக்கலாம்.

இப்ப கழண்டு வந்த பிளாக்குங்க. காடில இருக்கற வார்னிஷ உளியால சுரண்டி மரம் தெரியற வரைக்கும் கொண்டு வாங்க, ஆனா ஆழம் கூடக் கூடாது, பிளாக் ஆட ஆரம்பிச்சிடும். எல்லா சுவரையும் சுரண்ட வேணாம், காடிக்கு ஒரு முகம் போதும். வஜ்ரமும் அந்த ஒரு முகத்துல, நடுவுல ஒரு பொட்டுதான். முழுசா தடவினா பிளைவுட் அதக் குடிச்சிட்டு விடாப்பிடியா பிடிச்சுக்கும், பிறகு மோல்ட கழட்டறப்ப ஸ்ப்ரூஸோ வில்லோவோ, பிளாக் ரெண்டா பிளக்கும். பயமா இருந்தா நடுவுல ஒரு துண்டு நியூஸ்பேப்பர் வச்சு ரெண்டு பக்கமும் ஒட்டுங்க, கழட்டறப்ப கத்தி முனைய நுழைச்சா பேப்பர்தான் பிளக்கும், மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. பிளாக்ல மிச்சம் இருக்கற பழைய வஜ்ரத்த வெந்நீர் துணியால துடைச்சு நல்லா காய விட்டு ஒட்டுங்க. ஒட்டறப்ப அடியில சமமான கட்டை கொடுத்து மத்த நாலு பிளாக்கோட அதே மட்டத்துல நிக்குதான்னு பாத்துக்குங்க, மறுநாள் வரைக்கும் உளி வைக்காதீங்க.