டீசல் ஃபோர் வீல் வண்டியின் மைலேஜ்: இன்ஜெக்டரைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். தோப்புக்கும் ஊருக்கும் ஓட்டும் என் பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) டீசல் ஃபோர் வீல் வண்டி லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர்தான் கொடுக்கிறது. பட்டறையில், எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் நான்கையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றினால் மைலேஜ் கூடுமா, வேறு வழி உண்டா?

பதில்:

இப்போதைக்கு மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. உடுமலைப் பக்கம் இதே வகை வண்டியைத் தோப்புக்கும் சாலைக்குமாக ஓட்டி வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இவ்வகை வண்டிகளில் டீசல் வீணாகும் இடங்களில் பெரும்பாலானவை எஞ்சினுக்கு வெளியே இருக்கின்றன. காற்றோடு மோதுவதிலும், டயர் உருள்வதிலும், நின்ற இடத்தில் எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பதிலும் போகிற டீசலைப் புதிய இன்ஜெக்டர்கள் திருப்பித் தரப் போவதில்லை.

முதலில் அந்த ஒன்பது என்ற எண்ணையே சரிபாருங்கள். டிஸ்பிளே காட்டும் சராசரியை நம்ப வேண்டாம். ஒரே பெட்ரோல் பங்கில், முடிந்தால் அதே பம்பில், தானாக நிற்கும் அளவுக்கு நிரப்பி, டேங்க் முக்கால்வாசி தீர்ந்தபின் மறுபடியும் அதே அளவுக்கு நிரப்பிக் கணக்கிடுங்கள். இப்படி நான்கைந்து முறை எடுத்த சராசரிதான் உங்கள் மைலேஜ். பெரிய டயர் மாற்றியிருந்தால் இன்னொரு திருத்தமும் தேவைப்படும். 235/70 ஆர்16 டயரின் விட்டம் ஏறத்தாழ 735 மில்லிமீட்டர். அதற்குப் பதிலாகப் பலரும் ஆசையாகப் போடும் 245/75 ஆர்16 டயரின் விட்டம் ஏறத்தாழ 774. சுற்றளவு ஐந்து சதவீதம் கூடிவிடுவதால், வண்டி 105 கிலோமீட்டர் ஓடியிருக்கும்போது மீட்டர் 100 என்றே காட்டும். அப்படியானால் உங்கள் ஒன்பது உண்மையில் ஒன்பதரை. அதற்காகப் பெரிய டயர் நல்லது என்று பொருளல்ல. எடை கூடிய, மேற்பரப்பில் பெரிய கட்டைகள் கொண்ட, சேற்றுக்கான மட் டயர் தார்ச்சாலையில் உருள்வதற்கே கூடுதல் டீசல் கேட்கும்.

விற்கும்போது சொல்லப்பட்ட எண்ணோடு இதை ஒப்பிட்டு வருந்தவும் வேண்டாம். வாகனச் சோதனை நிறுவனமான ஏ.ஆர்.ஏ.ஐ தரும் சான்று எண், ஆய்வுக்கூடத்தில் உருளைகள்மேல் வண்டியை ஓட்டி எடுத்த அளவு. அந்தச் சோதனை ஓட்டத்தின் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர்தான். இரண்டு டன் எடையுள்ள பெட்டி போன்ற வண்டி நம் பயன்பாட்டில் சின்னக் கார் தரும் பதினெட்டைத் தொடாது. ஆனால் குறைந்த மைலேஜ் உள்ள வண்டியில் ஒரு கிலோமீட்டர் கூடினாலும் பணம் நன்றாகவே மிஞ்சும். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்றால், 9 என்பது 10 ஆனால் ஏறத்தாழ 17 லிட்டர் மிச்சம்; சின்னக் காரில் 18 என்பது 19 ஆனால் நாலரை லிட்டர்தான் மிச்சம். ஆகவே உங்கள் முயற்சி வீண்போகாது.

இனி காற்று. நம் பகுதியில் இதை யாரும் மைலேஜ் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்புதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. 100ல் போகும்போது உள்ள எதிர்ப்பில் 64 சதவீதம்தான் 80ல் இருக்கும். தாழ்வான கார் காற்றைக் கிழித்துப் போய்விடும். நிமிர்ந்த கண்ணாடியும் தட்டையான முகமும் உள்ள நம் வண்டி அதைத் தள்ளிக்கொண்டே போகிறது. இதோடு பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேற்குக் காற்றையும் சேர்த்துப் பாருங்கள். வைகாசியில் தொடங்கி ஆவணி தாண்டும்வரை, உடுமலை, குடிமங்கலம், பல்லடம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுக்கு எதிரே நீங்கள் தாராபுரத்திலிருந்து பொள்ளாச்சிக்குத் திரும்புகிறீர்கள். எதிர்க்காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், நீங்கள் 70ல் போனாலும் காற்றின் கணக்கில் 100ல் போகிறீர்கள். அந்த நேரத்தில் 90ஐ விடாமல் பிடிப்பவர் 120க்கான எதிர்ப்பைத் தள்ளுகிறார். எனவே அந்த மாதங்களில் மேற்கே போகும்போது 65, 70 போதும். கிழக்கே போகும்போது காற்றே தள்ளிவிடும். ஒருவழிப் பயணத்தை மட்டும் வைத்து மைலேஜ் பார்த்துவிட்டு வண்டியைக் குறை சொல்வதில் பயனில்லை.

டாப் கேரியர் இருந்தால் கழற்றி வீட்டில் வையுங்கள். அதன்மேல் ஸ்டெப்னியும் டீசல் கேனும் வரிசையாக நிற்கும் விளக்குகளும் இருந்தால், சாலை வேகத்தில் அவை ஒவ்வொன்றும் காற்றுக்குத் தடுப்புச் சுவர். பார்வைக்குக் கம்பீரமாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை.

மலைச்சாலையில் கணக்கு வேறு. ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறைக்குப் போகிறவர், இரண்டு டன் எடையை 700 மீட்டருக்கு மேல் தூக்குகிறார். டீசலின் ஆற்றலில் 30 சதவீதம் சக்கரத்துக்கு வந்து சேர்வதாக வைத்துக்கொண்டால், அந்த 700 மீட்டரைத் தூக்க மட்டுமே ஒன்றேகால் லிட்டர் ஆகும். ஏற்றத்தில் இதைத் தவிர்க்க வழியில்லை. இறக்கத்தில் திரும்பப் பெற வழி உண்டு. காமன் ரெயில் எஞ்சினில் (டீசலைக் கணினி அளந்து விடும் இக்கால எஞ்சின்), கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுவதும் எடுத்துவிட்டால், வண்டியின் ஓட்டமே எஞ்சினைச் சுழற்றுகிறது. இன்ஜெக்டர் டீசலை அறவே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் போட்டு உருட்டினாலோ, எஞ்சின் தன்னை ஓட்டிக்கொள்ளத் தொடர்ந்து டீசல் எடுக்கும். நியூட்ரலில் இறங்கினால் மிச்சம் என்ற பழைய பேச்சு, கார்புரேட்டர் காலத்திலிருந்து இன்னும் இறங்கி வரவில்லை. திம்பத்தின் 27 வளைவுகளில் நியூட்ரலில் இறங்குகிறவர் டீசலையும் சேமிக்கவில்லை, பிரேக்கையும் சூடேற்றிச் செயலிழக்கச் செய்கிறார். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

டயர் காற்றைப் பொறுத்தவரை, தோப்புச் சேற்றில் ஓட்டுவதற்காக அழுத்தத்தைக் குறைப்பவர்கள் தார்ச்சாலைக்கு வந்ததும் திரும்ப ஏற்றுவதில்லை. ஓட்டுநர் கதவோரம் ஒட்டப்பட்ட அளவை, காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். நைட்ரஜனுக்குத் தனியாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

சேற்றிலிருந்து வெளியே வந்ததும் லீவரை டூ ஹெச்சுக்கு (இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) மாற்றினால் மட்டும் போதாது, டாஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு அணைந்ததா என்றும் பாருங்கள். சில வண்டிகளில் முன் அச்சு விடுபடச் சற்று உருட்ட வேண்டியிருக்கும். முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியைக் காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் ஹெச்சில் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) ஓட்டினால், வளைவுகளில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓட முடியாமல் டயரைத் தேய்த்துக்கொள்கின்றன. டீசலும் போகிறது, கியர் பெட்டியும் கெடுகிறது.

அடுத்தது, தோப்பு வண்டிகளில் மிகச் சாதாரணமாக இருந்தும் கண்டுபிடிக்கப்படாமலே போகும் ஒன்று: பிடித்துக்கொண்ட பிரேக். வாய்க்கால் சேறும் செம்மண் புழுதியும் ஏறி, பிரேக் பேடை அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான பின்களில் கிரீஸ் காய்ந்துவிட்டால், பெடலை விட்ட பிறகும் பேட் சுழலும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் உருட்டி நிறுத்துங்கள். இறங்கி ஒவ்வொரு வீலின் நடுப்பகுதிக்கு அருகிலும் புறங்கையைக் கொண்டு செல்லுங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். முன்பக்க இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும், பின்பக்க இரண்டும் அப்படியே. ஒன்று மட்டும் அனலடித்தால், கருகிய வாடையும் வந்தால், ஜாக்கி வைத்துத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கள் ஊர் மெக்கானிக் இதைத்தான் முதலில் பார்ப்பார். "வீலு கையில சுத்தலீன்னா எஞ்சின் என்னங்க பண்ணும்?" என்பார்.

உங்கள் வண்டி பி.எஸ்.6 என்பதால், 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த டீசல் வண்டிகளுக்கே உரிய ஒரு செலவும் உண்டு. புகைக்குழாயில் உள்ள டி.பி.எஃப் என்ற வடிகட்டி கரியைச் சேர்த்து வைத்து, நிறைந்ததும் கூடுதல் டீசலைச் செலுத்தி எரித்துச் சுத்தம் செய்துகொள்கிறது. வீட்டிலிருந்து தோப்புக்கு மூன்று கிலோமீட்டர், தோப்பிலிருந்து கடைவீதிக்கு நான்கு என்று எஞ்சின் சூடேறும் முன்பே அணைத்துக்கொண்டிருந்தால் கரி விரைவில் சேரும். எரிக்கும் வேலை பாதியில் நின்று, அடுத்த முறை மறுபடி தொடங்கும். சின்னச் சின்ன வேலைகளை ஒரே சுற்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வப்போது கோவை, அவிநாசி நெடுஞ்சாலைப் பக்கம் அரைமணி நேரம் சீரான வேகத்தில் ஓட வாய்ப்புக் கொடுங்கள். தேங்காய் ஏற்றி முடியும்வரை ஏசி போட்டுக்கொண்டு வண்டிக்குள் அமர்ந்திருக்கும் வழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். இந்த அளவு எஞ்சின் நின்றபடியே மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் எஞ்சின் பக்கம் போக வேண்டும். அங்கும் முதலில் காற்று வழி. ஏர் ஃபில்டரைக் கம்ப்ரஸரில் ஊதி ஊதிப் பயன்படுத்தாமல் மாற்றிவிடுங்கள். அழுத்தமான காற்றில் காகிதம் கிழிந்தால் புழுதி நேரே, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்குப் போகும். பிறகு டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் செல்லும் தடித்த ரப்பர் குழாய்களைக் கையால் தடவிப் பாருங்கள். குழாயின் உள்ளே லேசான எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு. வெளியே, கிளிப்பை ஒட்டி எண்ணெய்ப் பிசுக்கில் புழுதி அப்பிக் கருத்திருந்தால், அங்கே காற்று கசிகிறது. கணினி, உள்ளே வந்ததாக அளந்த காற்றுக்கு ஏற்ப டீசலை விடுகிறது. அளந்த பிறகு வழியில் காற்று கசிந்தால் டீசல் மிகையாகி, முழுவதும் எரியாமல் கரியாகிறது. பழைய வண்டியாக இருந்தால் கரும்புகையே காட்டிக்கொடுக்கும். உங்கள் வண்டியில் டி.பி.எஃப் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால், புகை இல்லாமலே இழுவை குறையும், வடிகட்டி அடிக்கடி சுத்தம் செய்துகொள்ளும். ஒரு கிளிப்பை இறுக்கினால் தீர்ந்துவிடும் கோளாறுக்கு இன்ஜெக்டர் மாற்றியவர்கள் உண்டு.

டீசல் குழாயில் மாட்டும் காந்தம், டேங்கில் ஊற்றும் மைலேஜ் திரவம் ஆகியவற்றுக்கு ஒரு ரூபாயும் செலவிட வேண்டாம். புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் ஈ.ஜி.ஆரை அடைப்பதும் டி.பி.எஃபை வெட்டி எடுப்பதும் சட்டத்துக்குப் புறம்பானவை; வாரண்டியும் போய்விடும்.

இன்ஜெக்டரைச் சந்தேகிக்கக் காரணங்கள் உண்டு: காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம், வெண்புகை, ஐடிலில் நடுக்கம், கடகடவென்ற தட்டல். இவை இல்லாமல் மைலேஜ் குறைவு ஒன்றை மட்டும் வைத்து மாற்றச் சொன்னால், முதலில் டீசல் ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை வடிக்கச் சொல்லி, பிறகு ரிட்டர்ன் சோதனை செய்து காட்டச் சொல்லுங்கள். நான்கு இன்ஜெக்டர்களிலிருந்தும் திரும்பி வரும் டீசலை நான்கு குழாய்களில் பிடித்து அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் அந்தச் சோதனை. நீங்கள் அங்கேயே நின்று பார்க்கலாம். நான்கும் ஒரே மட்டத்தில், நிறுவனம் சொல்லும் அளவுக்குள் இருந்தால், திரும்பி வருவதில் குறையில்லை. மாற்றச் சொல்ல வேறு காரணம் என்ன என்று கேளுங்கள். ஒன்றில் மட்டும் மட்டம் எகிறியிருந்தால், அந்த ஒன்றைச் சரிசெய்தோ மாற்றியோ, அதன் குறியீட்டு எண்ணைக் கணினியில் பதிந்து தரச் சொன்னால் போதும்.