பூங்காவுக்கு எதற்குத் தனி வரி? அமெரிக்க வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இல்லினாய் மாநிலத்து நேப்பர்வில்லில் வீடு வாங்கி முதல் சொத்து வரி பில் வந்திருக்கிறது. நகராட்சிக்கு ஒரு வரி, பள்ளிக்கு ஒரு வரி, அப்புறம் பார்க் டிஸ்ட்ரிக்ட் என்று இன்னொன்று. பூங்கா நகராட்சியின் வேலைதானே, ஒரே வேலைக்கு இரண்டு முறை வாங்குகிறார்களா?

இல்லை. உங்கள் ஊரில் விளையாட்டு மைதானம், நீச்சல் வகுப்பு, கோடை முகாம் இவற்றையெல்லாம் நடத்துவது 1966-இல் தொடங்கிய பார்க் டிஸ்ட்ரிக்ட். அது நகராட்சியின் ஒரு துறை இல்லை, தனி உள்ளாட்சி அமைப்பு. அதற்கென்று எல்லை உண்டு, மக்கள் தேர்ந்தெடுத்த வாரியம் உண்டு, வரி போடும் உரிமையும் உண்டு. ஒரே ஒரு வேலைக்காக இப்படி அமைந்த ஸ்பெஷல் டிஸ்ட்ரிக்டுகள் அமெரிக்கா முழுவதும் 2022 கணக்கெடுப்பின்படி 39,000-க்கும் மேல். தண்ணீர், தீயணைப்பு, நூலகம் தொடங்கி கொசு ஒழிப்பு வரைக்கும் இருக்கிறது.

நான் இந்த முறையை ஆதரிப்பவன், காரணம் எளிமையானது. போலீஸ், சாலை, ஓய்வூதியம் எல்லாவற்றோடும் ஒரே பட்ஜெட்டில் பூங்காவும் நின்றால், கையில் பணம் குறைகிற வருஷம் முதல் வெட்டு பூங்காவுக்குத்தான் விழும், ஏனென்றால் புல் வெட்டாததற்காக எந்த மேயரும் தேர்தலில் தோற்பதில்லை. தனிப் பணப்பெட்டியில் இருக்கிற பணத்தை நகராட்சி வேறு செலவுக்கு எடுக்க முடியாது. இன்னொன்றும் கவனியுங்கள்: நேப்பர்வில் மாதிரி ஹோம் ரூல் நகராட்சிகளை, அதாவது வரி விஷயத்தில் தாமே முடிவெடுக்கும் அதிகாரம் பெற்றவற்றை, இல்லினாயின் 1991 வரி உச்சவரம்புச் சட்டம் கட்டுப்படுத்தாது, ஆனால் பார்க் டிஸ்ட்ரிக்டைக் கட்டுப்படுத்தும். ஏற்கனவே உள்ள வீடுகளிடமிருந்து வசூலிக்கும் மொத்தத் தொகையை பார்க் டிஸ்ட்ரிக்ட் ஆண்டுக்கு 5 சதவீதம் அல்லது விலைவாசி உயர்வு, இதில் எது குறைவோ அதற்கு மேல் உயர்த்த முடியாது. அதற்கு மேல் வேண்டுமென்றால் மக்களிடம் வாக்கெடுப்புக்கு வர வேண்டும்.

ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். வரி கட்டுகிறேன், வாக்குரிமை இல்லை. என் பேச்சை யார் கேட்கப்போகிறார்கள்?

கேட்டே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இல்லினாயில் பொது அமைப்புகளின் கூட்டம் எல்லோருக்கும் திறந்தது, அங்கே யார் வேண்டுமானாலும் பேச வாய்ப்புக் கொடுக்க வேண்டும், குடியுரிமை கேட்கக்கூடாது. நம்மவர்கள் தவறவிடுவது கூட்டத்தை இல்லை, காலத்தை. பில் கோடையில் வரும், அப்போது கோபப்பட்டுப் போய் நின்றால் பயனில்லை, ஏனென்றால் அந்தத் தொகை முந்தைய ஆண்டு இறுதியிலேயே முடிவாகிவிட்டது. டிசம்பர் கடைசிச் செவ்வாய்க்குள் வரித் தொகையைக் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) கிளர்க்கிடம் தாக்கல் செய்துவிடுவார்கள். ஆகவே நவம்பர், டிசம்பர் கூட்டங்களுக்குப் போங்கள். புது வீடுகளின் வரியும் சேர்ந்து மொத்தத் தொகை 5 சதவீதத்துக்கு மேல் உயர்வதாக இருந்தால் முன்கூட்டியே விளம்பரம் கொடுத்துப் பொது விசாரணை வைப்பதும் கட்டாயம்.

வாடகைக்கு இருப்பவர்களும் ஒதுங்க வேண்டாம். வீட்டுக்காரர் கட்டுகிற வரியில் ஒரு பங்கு உங்கள் வாடகையில்தான் இருக்கிறது.

முகவரியில் ஊர்ப்பெயர் ஒன்றுதான், ஆனால் குழந்தையின் நீச்சல் வகுப்புக்கு எங்களிடம் மட்டும் வெளியூர்க் கட்டணம் கேட்கிறார்கள். ஏன்?

தபால் முகவரியை வைத்து முடிவு செய்வதில்லை. உங்கள் வீடு டிஸ்ட்ரிக்டின் எல்லைக்கு வெளியே, எந்த நகராட்சியிலும் சேராத பகுதியில் இருக்கலாம். வரி பில்லில் பார்க் டிஸ்ட்ரிக்ட் வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பில்லைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், உள்ளூர்க் கட்டணம் தருவார்கள். இல்லையென்றால் அவர்கள் கேட்பது நியாயம்தான்.

கலிஃபோர்னியாவில் புது வீடு பார்க்கிறோம். பூங்கா வசதியோடு அழகான குடியிருப்பு, ஆனால் மெல்லோ-ரூஸ் என்று ஆண்டுக்குச் சில ஆயிரம் டாலர் கூடுதலாம். வாங்கலாமா?

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். 1978-இல் வந்த ப்ரோபோசிஷன் 13 சொத்து வரியை வீட்டு மதிப்பில் 1 சதவீதத்தோடு நிறுத்தி, மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்றது. அதன்பிறகு புதுக் குடியிருப்புகளுக்குப் பூங்கா, சாலை, பள்ளி கட்டப் பணமில்லை. அந்த ஓட்டையை அடைக்க 1982-இல் கொண்டுவந்த சட்டம்தான் மெல்லோ-ரூஸ். ஒரு பகுதியைத் தனி டிஸ்ட்ரிக்டாக அறிவித்து, கடன் பத்திரம் விற்றுக் கட்டிவிட்டு, அங்கே வீடு வாங்குகிறவர்களிடம் சிறப்பு வரியாக வசூலிப்பார்கள்.

இதற்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். ஆனால் அந்த இடத்தில் 12 வாக்காளர்கூட இல்லையென்றால் நில உரிமையாளர்களே வாக்களிப்பார்கள், ஏக்கருக்கு ஒரு வாக்கு. வெறும் நிலமாக இருக்கும்போது உரிமையாளர் யார்? பெரும்பாலும் கட்டுமான நிறுவனம்தான். அதாவது நீங்கள் பல ஆண்டுகள் கட்டப்போகிற வரிக்கு நீங்கள் வருவதற்கு முன்பே வேறு யாரோ சம்மதம் சொல்லியிருப்பார்கள். சட்டப்படி இதில் குற்றமில்லை, ஆனாலும் எனக்கு இது சரியாகப் படவில்லை.

இந்த வரி வீட்டு மதிப்பைப் பொறுத்ததும் இல்லை, விலை சரிந்தாலும் வரி குறையாது. இரண்டு விஷயம் கேளுங்கள்: கடன் எந்த ஆண்டு முடிகிறது, ஆண்டுதோறும் வரி எத்தனை சதவீதம் ஏறலாம். பூங்காப் பராமரிப்புக்கான பகுதி கடன் முடிந்த பிறகும் தொடரலாம், அதைத் தனியாகக் கேளுங்கள். சிறப்பு வரி அறிவிப்பை எழுத்தில் தர வேண்டியது விற்பவரின் கடமை. ஒப்பந்தம் போட்ட பிறகு அதை நேரில் கொடுத்தால் 3 நாளுக்குள், தபாலில் அனுப்பினால் 5 நாளுக்குள் நீங்கள் ஒப்பந்தத்திலிருந்து விலகலாம். கணக்கு ஒத்துவந்தால் வாங்குங்கள். மாதத் தவணையைக் கணக்கிடும்போது இந்த வரியையும் சேர்த்துப் பாருங்கள், நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் மிஷன் பீக் மலை ஏறாத தமிழர் இல்லை. அதை யார் பராமரிக்கிறார்கள்?

ஈஸ்ட் பே ரீஜனல் பார்க் டிஸ்ட்ரிக்ட். அலமீடா, காண்ட்ரா காஸ்டா இரண்டு கவுண்டிகளிலும் ஒரு லட்சத்து இருபதாயிரம் ஏக்கருக்கும் மேல் பார்த்துக்கொள்கிறது. இதில் என்னை நெகிழவைப்பது அது பிறந்த ஆண்டு: 1934. நாடே வேலையில்லாமல் தவித்த பெருமந்தத்தின் நடுவில், பூங்காவுக்காக வரி கட்டுகிறோம் என்று அந்த மக்கள் பெரும்பான்மையாக வாக்களித்தார்கள். 2008-இல் பொருளாதாரம் மறுபடி சரிந்தபோதும் 50 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஒப்புதல் தந்தார்கள்.

சியாட்டிலில் பார்க் டிஸ்ட்ரிக்ட் வாரியமும் நகர மன்றமும் ஒரே ஆட்கள்தானாமே, அப்புறம் தனி அமைப்பு எதற்கு?

நியாயமான சந்தேகம். 2014-இல் மக்கள் வாக்களித்து அமைத்தது அது. அதுவரை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வாக்கெடுப்பு வைத்துத் தற்காலிக வரி போட்டார்கள், பழுதான கூரையும் குழாயும் அடுத்த வாக்கெடுப்புக்காகக் காத்துக்கிடந்தன. டிஸ்ட்ரிக்ட் வந்ததும் நிலையான வருமானம் கிடைத்தது, மதிப்பில் 1,000 டாலருக்கு 75 சென்ட் வரை. 8 லட்சம் டாலர் வீட்டுக்கு அதிகபட்சம் 600 டாலர் ஆகிறது. வருமானம் தனி, ஆட்கள் மட்டும் அதே ஆட்கள். பக்கத்து ஊரான டகோமாவில் 1907-இலிருந்து பார்க் டிஸ்ட்ரிக்ட் இருக்கிறது, அங்கே பூங்காவுக்கென்றே ஆணையர்களை, அதாவது வாரிய உறுப்பினர்களை, தேர்ந்தெடுக்கிறார்கள். என் ஓட்டு டகோமா முறைக்குத்தான்.

இத்தனை குட்டி அமைப்புகளை ஒன்றாக இணைத்தால் செலவு குறையாதா?

சில இடங்களில் குறையும். சிகாகோவில் 22 பார்க் டிஸ்ட்ரிக்டுகள் இருந்தன, பல கடனில் மூழ்கிய நிலையில் 1934-இல் ஒன்றாக்கினார்கள், அது தேவையாகவே இருந்தது. ஆனால் ஒரு பார்க் டிஸ்ட்ரிக்டை இன்னொரு பார்க் டிஸ்ட்ரிக்டோடு இணைப்பது வேறு, நகராட்சிக்குள் கரைத்துவிடுவது வேறு. இரண்டாவதைச் செய்தால் பணப்பெட்டியின் பூட்டும் போய்விடும்.

இல்லினாயில் குடியுரிமை வாங்கிவிட்டேன். பார்க் ஆணையராக நானே நிற்க முடியுமா?

தாராளமாக. பதிவு செய்த வாக்காளராக, குறைந்தது ஓராண்டு அந்த எல்லைக்குள் வசித்தவராக இருக்க வேண்டும். சம்பளம் கிடையாது. ஒற்றைப்படை ஆண்டுகளில் ஏப்ரல் மாதம் தேர்தல், வாக்களிக்க வருகிறவர்கள் கொஞ்சம் பேர்தான், பல ஊர்களில் போட்டியே இருக்காது. வேட்பு மனுவை முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே கொடுக்க வேண்டியிருக்கும், ஆகவே கோடையிலேயே டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்துக்குப் போய், எத்தனை கையெழுத்து வாங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.