காணாமல் போன க்ரைம் தொடர் எபிசோடு: எங்கே தேடுவது, டேப் கிடைத்தால் என்ன செய்வது

கேள்வி: 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வேலை பார்த்தபோது தீராத வழக்குகளை நடித்துக் காட்டிப் பார்வையாளர்களிடம் தகவல் கேட்கும் ‘அன்சால்வ்டு மிஸ்டரீஸ்’ தொடரை வாராவாரம் பார்ப்போம். அதில் வந்த ஒரு கொலை வழக்கு இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. இப்போது இணையத்தில் கிடைக்கும் எபிசோடுகளை எல்லாம் பார்த்துவிட்டேன். அந்த வழக்கு மட்டும் எதிலும் இல்லை. அழித்துவிட்டார்களா? அங்கேயே இருக்கும் அக்கா வீட்டில் அந்தக் காலத்தில் டிவியிலிருந்து பதிவு செய்த விஎச்எஸ் கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றில் இருக்க வாய்ப்புண்டா? எப்படிப் பார்ப்பது?

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள். அக்காவிடம் இன்றே சொல்லிவிடுங்கள்: நீங்கள் சொல்லும்வரை அந்தக் கேசட்டுகளில் ஒன்றைக்கூட எந்த மெஷினிலும் போட வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

அழித்திருப்பார்களோ என்ற பயம் உங்கள் விஷயத்தில் அநேகமாகத் தேவையில்லை. ஒளிபரப்பிய டேப்பின் மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்வது அதற்கு முந்தைய தலைமுறையின் வழக்கம். 1956இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் கொண்டுவந்த 2 அங்குல வீடியோ டேப் விலை அதிகம். திரும்பத் திரும்பப் பதியலாம் என்பதுதான் அதன் பெருமையே. வீட்டில் கேசட் வாங்கிப் பார்க்கும் பழக்கம் வராத காலத்தில், ஒருமுறை காட்டியதைப் பத்திரப்படுத்த நிலையங்களுக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. பிபிசி 1970களின் பிற்பகுதிவரை அப்படித்தான் நடந்துகொண்டது. ‘டாக்டர் ஹூ’ போன்ற புகழ்பெற்ற தொடரே தப்பவில்லை. அதன் 9 எபிசோடுகள் 2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்திலிருந்து மீண்டு வந்ததற்குக் காரணம், வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்பதற்காக எடுத்த ஃபிலிம் பிரதிகள் அங்கே தங்கிவிட்டதுதான். துப்பு கேட்கும் குற்ற நிகழ்ச்சிகளுக்கு இப்படி வெளிநாட்டுச் சந்தைகூடக் கிடையாது. 1962இல் பிரிட்டனில் தொடங்கிய, ஷா டெய்லர் தொகுத்த ‘போலீஸ் 5’ மாதிரியான 5 நிமிட நிகழ்ச்சியில், “இந்தக் காரைப் பார்த்தவர்கள் தகவல் சொல்லுங்கள்” என்ற வேண்டுகோள் அடுத்த வாரமே பழையதாகிவிடும். அதை எவர் விலை கொடுத்து வாங்குவார்?

நீங்கள் பார்த்தது வேறு காலம். அந்தத் தொடர் 1987 ஜனவரியில் ரேமண்ட் பர் தொகுத்த ஒரு சிறப்பு நிகழ்ச்சியாக என்பிசி சேனலில் தொடங்கியது. அப்புறம் கார்ல் மால்டன், அவருக்குப் பின் ராபர்ட் ஸ்டேக். 1988 அக்டோபரில் வாராந்திரத் தொடரானது. மறுஒளிபரப்பில் பணம் உண்டு என்பது அப்போது எல்லோருக்கும் தெரியும். யாரும் மூல டேப்பை அழிக்க மாட்டார்கள். நீங்கள் தேடுவது வெட்டி ஒதுக்கப்பட்டதாகவோ நிறுத்தி வைக்கப்பட்டதாகவோ இருக்கத்தான் அதிக வாய்ப்பு.

வெட்டப்படுவது எப்படி என்றால், ஒரு மணி நேர எபிசோடு என்பது அந்தத் தொடரில் தனித்தனியான சில வழக்குகளின் தொகுப்பு. மறுஒளிபரப்புக்குப் போகும்போது அந்தத் துண்டுகளைப் பிரித்துக் கலைத்து, புதிதாக அடுக்கினார்கள். குற்றவாளி பிடிபட்டிருந்தால் அந்தச் செய்தியைக் கடைசியில் ஒட்டினார்கள். 2008இல் டென்னிஸ் ஃபரீனா தொகுப்பாளராக வந்தபோது ஸ்டேக் காலத்துத் துண்டுகளையே எடுத்து, அவர் குரலில் புதிதாகக் கதை சொல்ல வைத்தார்கள். ஆகவே 1991இல் நீங்கள் பார்த்த அந்த ஒரு மணி நேரம் அதே வடிவில் இணையத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சீசன் எண், எபிசோடு எண் பிடித்துத் தேடுவதை விட்டுவிட்டு வழக்கைத் தேடுங்கள்: ஊர், ஆண்டு, இறந்தவர் பெயர். பலருக்குத் தேடல் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. அவர்கள் தேடிய துண்டு வேறொரு எபிசோடுக்குள் உட்கார்ந்திருக்கும்.

நிறுத்தி வைப்பதற்குக் காரணங்கள் பல. பின்னணியில் ஓடும் ஒரு பாட்டின் உரிமம் முடிந்திருக்கலாம். சந்தேகத்துக்குரியவர் என்று காட்டப்பட்டவர் நிரபராதி என்று தீர்ப்பாகியிருக்கலாம். குற்றத் தொடர்களுக்கே உரிய சிக்கல் இது: நடித்துக் காட்டியது கதை, ஆனால் அதில் வரும் மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்கள். இதற்கு மிகத் தெளிவான உதாரணம் ஜெர்மனியில் உண்டு. 1969 ஜனவரியில் லெபாக் என்ற ஊரின் ராணுவக் கிடங்கில் தூங்கிக்கொண்டிருந்த வீரர்களைத் தாக்கி நால்வரைக் கொன்றார்கள். பொதுத்துறைத் தொலைக்காட்சியான இசட்டிஎஃப், இந்த வழக்கை நடிகர்களை வைத்துப் படமாக எடுத்தது. ஒளிபரப்புக்கு எல்லாம் தயார். குற்றத்துக்கு உடந்தையாக இருந்து தண்டனை பெற்ற ஒருவர் விடுதலையாகும் நேரம் நெருங்கியிருந்தது. இந்தப் படம் வந்தால் நான் மறுபடி வாழவே முடியாது என்று அவர் வழக்குப் போட்டார். 1973 ஜூன் 5 அன்று ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் ஒளிபரப்பைத் தடை செய்தது. 1999இல் இதே வழக்கைப் பற்றி ஒரு தனியார் சேனல் எடுத்த படத்துக்கு வந்த தடையை அதே நீதிமன்றம் விலக்கியது. அதில் பெயர்கள் மாற்றப்பட்டிருந்தன, ஆண்டுகளும் உருண்டோடிவிட்டன. இந்த இரண்டு தீர்ப்புகளையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புரியும். ஒரு எபிசோடு வெளியே வராததற்குப் பின்னால் எப்போதும் அலட்சியமோ சதியோ இருக்க வேண்டியதில்லை. அலமாரியில் பத்திரமாக இருந்துகொண்டே வெளிவராமலும் இருக்கலாம்.

இன்னொரு சாத்தியத்தையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் பார்த்தது வேறு தொடராக இருக்கலாம். 1988 பிப்ரவரியில் ஃபாக்ஸ் சேனலில் ஜான் வால்ஷ் தொகுத்த ‘அமெரிக்காஸ் மோஸ்ட் வான்டட்’ தொடங்கியது. இரண்டிலும் நடித்துக் காட்டும் காட்சிகள் உண்டு, தகவல் சொல்லத் தொலைபேசி எண் உண்டு. இத்தனை வருடத்தில் நினைவு இரண்டையும் ஒன்றாக்கிவிடும். தன் குடும்பத்தையே 1971இல் கொன்றுவிட்டுத் தலைமறைவான ஜான் லிஸ்டைப் பற்றி 1989 மே மாதம் காட்டி, 11 நாளில் அவர் பிடிபடக் காரணமானது வால்ஷின் நிகழ்ச்சி. அதை ஸ்டேக் சொல்லிக் கேட்டதாகச் சத்தியம் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே யாரிடமும் விசாரிக்கும் முன், நினைவில் இருப்பதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். தொகுப்பாளர் என்ன உடுத்தியிருந்தார், எந்தக் காட்சி, எந்தப் பருவம், அப்போது எந்த வீட்டில் குடியிருந்தீர்கள் என்று எல்லாமே. மற்றவர்கள் எழுதியதைப் படித்த பிறகு எழுதினால் அவர்கள் நினைவும் உங்கள் நினைவும் கலந்துவிடும்.

அதை வைத்துக்கொண்டு உள்ளூர்ப் பத்திரிகைகளின் பழைய டிவி அட்டவணைகளைப் பாருங்கள். அந்த வாரம் எந்த வழக்கு என்று ஒரு வரி போட்டிருப்பார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் காப்புரிமைப் பதிவேட்டில் 1978க்குப் பிந்தையவற்றை இணையத்திலேயே தேடலாம். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 1968 ஆகஸ்ட் முதல் முக்கிய சேனல்களின் மாலைச் செய்திகளைப் பதிவு செய்து வருகிறது. அங்கே உங்கள் தொடர் கிடைக்காது. ஆனால் வழக்கு தேசியச் செய்தியாகியிருந்தால் பெயரையும் தேதியையும் உறுதி செய்துகொள்ளலாம்.

இப்போது அக்காவின் பெட்டிக்கு வருவோம். வாய்ப்பு உண்டா என்றால், நிச்சயம் உண்டு. வீட்டுப் பதிவுகளை யாரும் குறைவாக எடைபோட வேண்டாம். பிலடெல்பியாவைச் சேர்ந்த மேரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி 2012இல் இறக்கும்வரை பல பத்தாண்டுகள் தொலைக்காட்சிச் செய்திகளை இரவு பகலாகப் பதிவு செய்து, சுமார் 70,000 டேப்புகள் விட்டுச் சென்றார். இன்று இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய ஆவணக் காப்பகம் அவற்றைப் பாதுகாக்கிறது. சேனல்களே வைத்திராத எத்தனையோ அவர் வீட்டில் இருந்தன.

ஒவ்வொரு கேசட்டையும் கையில் எடுத்து, ஜன்னல் போன்ற அந்தக் கண்ணாடிப் பகுதி வழியாக, டார்ச் அடித்து, சுருளின் ஓரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல டேப்பின் ஓரம் கறுப்பாக, வழுவழுப்பாக, ஒரே சீராக இருக்கும். வெள்ளையாகப் பொடி பூத்த மாதிரியோ நூல் நூலாகவோ தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டைத் தனி உறையில் போட்டு மூடி, மற்றவற்றிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். அதை மெஷினில் போட்டால், டேப்பைப் படிக்கும் ஹெட்டில் பூஞ்சை ஒட்டும், அடுத்துப் போடும் ஒவ்வொரு டேப்புக்கும் பரவும். முதலில் சொன்ன வேண்டுகோளுக்குக் காரணம் இதுதான். வருடக்கணக்கில் அசையாமல் கிடந்த டேப்பை அழுக்கு மெஷினில் போட்டு வேகமாக ரீவைண்ட் செய்தால் அறுந்துபோகவும் கூடும். முதல் ஓட்டமே கடைசி ஓட்டம் என்று வைத்துக்கொண்டு, பார்க்கும்போதே டிஜிட்டலாகப் பதிவாகும்படி ஏற்பாடு செய்யுங்கள். கேசட்டின் முதுகில் ஓரமாக இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை முதலிலேயே உடைத்துவிடுங்கள். அது இல்லாத கேசட்டில் மெஷின் புதிதாக எதையும் பதியாது.

மெஷின் விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். புதிய விசிஆர் (வீடியோ கேசட் மெஷின்) தயாரிப்பு 2016இலேயே நின்றுவிட்டது, ஆகவே சர்வீஸ் செய்த பழைய மெஷின்தான் வழி. அமெரிக்கப் பதிவு என்டிஎஸ்சி (NTSC) என்ற அந்த நாட்டு டிவி சிக்னல் முறையில் இருக்கும். இந்தியா போன்ற, பால் (PAL) என்ற வேறு முறை கொண்ட நாட்டில் வாங்கிய மெஷின் அதை ஓட்டினாலும், வெளியே தருவது டிவி பார்ப்பதற்கான கலப்பு சிக்னல், டிஜிட்டல் பதிவுக்கு ஒத்துவராது. அதனால் கேசட்டுகளை ஊருக்கு வரவழைக்காமல், அங்கேயே செய்வதுதான் என் யோசனை. 2 மணி நேரக் கேசட்டில் 6 மணி நேரம் அடைக்கும் மெதுவான வேகத்தில் பதிந்திருந்தால், வேறு மெஷினில் படம் நடுங்கும். பதிவு செய்த அதே விசிஆர் அக்காவிடம் இருந்தால் அதைச் சர்வீஸ் செய்து பயன்படுத்துவது உத்தமம். தொழில்முறை ஆளிடம் கொடுப்பதானால் இரண்டு கேள்வி கேளுங்கள்: டைம் பேஸ் கரெக்டர் (படம் நடுங்காமல் சிக்னலைச் சீராக்கும் கருவி) இருக்கிறதா, சுருக்காத கோப்பாகத் தருவார்களா? டிவிடியாகத்தான் தருவோம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

விளம்பரங்களை வெட்டச் சொல்லாதீர்கள். எந்த ஆண்டு, எந்த வாரம், எந்த ஊர் நிலையம் என்று துல்லியமாகக் காட்டிக்கொடுப்பவை அவைதான். “இன்றிரவு 11 மணிச் செய்தியில்” என்று வரும் ஒரு 10 விநாடி முன்னோட்டம் போதும், தேதியைக் கண்டுபிடித்துவிடலாம். எபிசோடு முடிந்த பிறகும் டேப் கடைசிவரை ஓடட்டும்.

கிடைத்துவிட்டால் உடனே முழுதாக இணையத்தில் ஏற்றத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். டேப் உங்களுடையது, நிகழ்ச்சியின் உரிமை தயாரிப்பாளர்களுடையது. அதைவிட முக்கியம், வழக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். அன்று சந்தேகப்பட்டவர் பின்னர் விடுவிக்கப்பட்டிருந்தால், அவர் முகத்தையும் பெயரையும் மறுபடி சுற்றில் விடுவது அநியாயம். வழக்கு இன்னும் தீரவில்லை என்றால், அந்தப் பகுதியின் காவல் துறைக்கும் தொடரின் தயாரிப்பு நிறுவனத்துக்கும் இப்படி ஒரு முழுப் பதிவு இருக்கிறது என்று எழுதுங்கள். முதல் ஒளிபரப்பில் வந்த சாட்சியின் பேட்டி, வெட்டிச் சுருக்கிய வடிவத்தில் இல்லாமல் போயிருக்கலாம். நூலகமோ ஆவணக் காப்பகமோ கேட்டால் பிரதி கொடுங்கள். மூலக் கேசட்டைக் கொடுத்துவிடாதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். முழுதாக ஒரு பக்கமாகச் சுற்றி, செங்குத்தாக, உறையோடு, ஈரமில்லாத அறையில் வைக்கச் சொல்லுங்கள். படத்தின் அசல் சிக்னலை நேரடியாக ஹெட்டிலிருந்தே பதிவு செய்யும் முறைகள் இப்போது வந்துவிட்டன. அதில் எடுத்தால், படச்சட்டத்துக்கு மேலே ஒளிந்திருக்கும் காது கேளாதோருக்கான வசன வரிகளைக்கூட மீட்க முடியும்.