அந்தப் பத்து நிமிடம்

அன்புள்ள ஐயா,

போன மாதம் என் அப்பா இறந்துவிட்டார். புற்றுநோய். கடைசி வாரம் முழுக்க நான்தான் கூட இருந்தேன். வாயைத் துடைத்துவிடுவது, புரட்டிப் படுக்கவைப்பது, ராத்திரி மூச்சைக் கேட்டுக்கொண்டே விழித்திருப்பது எல்லாம். கடைசி இரண்டு நாள் அவருக்கு நினைவில்லை. அன்று விடிகாலை முகம் கழுவிவிட்டு வரலாம் என்று எழுந்து போனேன். பத்து நிமிடம் இருக்கும். திரும்பி வந்தால் அப்பா இல்லை.

வெளியூரிலிருந்து வந்த அக்கா முதலில் கேட்டதே, "கடைசியில் பக்கத்தில் யாருமே இல்லையா?" என்றுதான். உனக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று சிலர் சொல்கிறார்கள். நீ எழுந்து போகட்டும் என்றுதான் அவர் காத்திருந்தார் என்று சிலர் தேற்றுகிறார்கள். இரண்டையும் என்னால் தாங்க முடியவில்லை. கண்ணைத் திறந்து என்னைத் தேடியிருப்பாரோ என்ற நினைப்பு தூங்கவிடுவதில்லை. அவரைத் தனியாகச் சாக விட்டுவிட்டேனா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

இல்லை, விடவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணங்கள் அப்புறம்.

தேடியிருப்பாரோ என்கிறீர்களே, அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். நீண்ட நோயில் மெல்ல அடங்குகிறவர்களுக்குக் கடைசி நாட்களில் தூக்கம் கூடிக்கொண்டே போய், எழுப்பினாலும் எழாத நிலை வந்துவிடுகிறது. கையும் காலும் சில்லிடும், முட்டியிலும் பாதத்திலும் ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். மூச்சு ஆழமாகிக்கொண்டே போய், பிறகு தணிந்து, நின்றுபோய், மறுபடி தொடங்கும். 19ஆம் நூற்றாண்டில் இதை எழுதிவைத்த ஜான் செய்ன், வில்லியம் ஸ்டோக்ஸ் என்ற இரண்டு மருத்துவர்களின் பெயரால்தான் இந்த மூச்சை மருத்துவத்தில் இன்றும் அழைக்கிறார்கள். தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தமும் வரலாம். விழுங்கும் வலு போனதால் தேங்கிய எச்சில்தான் அது. கேட்கிற நமக்கு நெஞ்சு பதறும். நோயாளிக்குப் பெரும்பாலும் அது தெரிவதில்லை என்கிறார்கள் இறுதிக்கால நோயாளிகளைக் கவனிக்கும் மருத்துவர்கள். இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தவர் அந்தப் பத்து நிமிடத்தில் தெளிந்து, அறையைச் சுற்றிப் பார்த்து, மகளைக் காணோமே என்று ஏங்கி, அதற்குப் பிறகு இறந்திருப்பார் என்பது உங்கள் பயம் எழுதிய காட்சி. அவர் உடல் இருந்த நிலைக்கு அது பொருந்தவில்லை.

என் அம்மா போகும்போது நான் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். கொடுத்துவைத்தவன் என்றார்கள். நான் கண்டதைச் சொல்கிறேன். அம்மாவின் கழுத்துக் குழியில் ஒரு துடிப்பு தெரிந்துகொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூச்சு நின்றது. அதற்கு முன்பும் அப்படி நின்று நின்று வந்ததால் அடுத்ததற்காகக் காத்திருந்தேன். வந்தது, நெஞ்சு எழவில்லை, தாடை மட்டும் லேசாக அசைந்தது. மறுபடி காத்திருந்தேன். செவிலியர் வந்து என் தோளில் கைவைத்த பிறகுதான், நான் காத்திருந்த மூச்சு இனி வராது என்று புரிந்தது. கடைசி மூச்சு விடப்படும்போது அது கடைசி என்று யாருக்கும் தெரிவதில்லை. ஆக, எல்லோரும் பேசுகிற அந்த நொடி கையைப் பிடித்திருந்த எனக்கும் கிடைக்கவில்லை. சான்றிதழில் இருப்பது யாரோ கடிகாரத்தைப் பார்த்துக் குறித்த நேரம்.

ஆனால் கூட இருக்க வேண்டும் என்ற ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1986இல் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் சாண்ட்ரா கிளார்க் என்ற செவிலியரிடம் ஒரு முதியவர் கூட இருக்கும்படி கேட்டார். மற்ற நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார் கிளார்க். திரும்பி வந்தபோது அவர் இறந்திருந்தார். அந்த வேதனை கிளார்க்கை விடவில்லை. யாருமற்ற நோயாளிகள் தனியாக இறக்கக் கூடாது என்று அதே மருத்துவமனையில் 2001இல் ஒரு திட்டம் தொடங்கியது. பிறகு பல மருத்துவமனைகளுக்கும் பரவியது. தொண்டர்கள் முறைபோட்டுக்கொண்டு கடைசி நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கையைப் பிடித்துக்கொள்வது, பேசுவது, உதட்டை நனைத்துவிடுவது, இவ்வளவுதான் வேலை. நீங்கள் ஒரு வாரம் முறை மாற்ற ஆளில்லாமல் செய்ததும் அதைத்தான். சாவு பல நாள் நடக்கிற ஒன்று. அது நடந்துகொண்டிருந்தபோது நீங்கள் இருந்தீர்கள்.

உங்கள் குரல் அவருக்குக் கேட்டிருக்கவும் கூடும். 2020இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சாகும் தறுவாயில் நினைவிழந்திருந்த சிலரின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்தார்கள். கேட்கவைத்த ஒலி மாறும்போது சிலருடைய மூளை, நல்ல உடல்நிலையில் இருப்பவர்களின் மூளையைப் போலவே அதற்கு எதிர்வினை காட்டியது. கேட்டதை அவர்கள் புரிந்துகொண்டார்கள் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த இரண்டு நாளில் அவரிடம் பேசியது ஏதாவது இருந்தால், அது வீணாகப் போனது என்று நினைக்காதீர்கள்.

நீங்கள் போகட்டும் என்று அவர் காத்திருந்தார் என்ற பேச்சைப் பற்றி. பராமரிப்பு இல்லச் செவிலியர்கள் பலர் இப்படிச் சொல்வதுண்டு. பெற்றவர்கள் பிள்ளை கண்ணெதிரே போகத் தயங்குவார்கள் என்று அவர்கள் நம்புகிறார்கள். இருக்கலாம், நிரூபிக்க வழியில்லை. நாட்கணக்கில் காத்திருக்கும்போது யாராக இருந்தாலும் எத்தனையோ தடவை எழுந்து போகத்தான் வேண்டும், அதில் ஒன்றில் மரணம் நேர்ந்துவிடுகிறது என்பதே எனக்குப் போதுமான விளக்கம். அந்த ஆறுதலில் ஒரு முள்ளும் இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் இருந்ததே அவருக்குத் தடையாக இருந்தது போல ஆகிவிடுகிறது. உங்களுக்கு உதவாவிட்டால் விட்டுவிடுங்கள். நல்லெண்ணத்தோடு சொன்னார்கள் என்பதற்காக நீங்கள் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

அக்கா கேட்டதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வாரம் முழுக்க வர முடியாமல் போனவர் அவர். என் ஊகம், தான் அங்கே இல்லையே என்ற துக்கத்தைத்தான் அவர் உங்களிடம் கேள்வியாகக் கேட்டுவிட்டார். ஒரு நாள் சாவகாசமாக உட்கார்ந்து அவருக்கு அந்த வாரத்தைச் சொல்லுங்கள். அப்பா கடைசியாகத் தெளிவாகப் பேசியது எப்போது, என்ன பேசினார், எந்தப் பக்கம் படுக்கவைத்தால் அவருக்கு நிம்மதியாக இருந்தது, ராத்திரியில் நீங்கள் என்னவெல்லாம் செய்தீர்கள் என்று எல்லாவற்றையும். நீங்கள் எழுந்து போனதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் அழுதால் அழட்டும்.

இன்னும் சில வாரம் போயும் தூக்கம் வராவிட்டால் மருத்துவரைப் போய்ப் பாருங்கள். பொறுத்துப் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். அக்காவிடம் பேசிய பிறகு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.