ஜூம் நம்பரும் பில் இல்லாத கேமராவும்: வாசகர் கேள்வி-பதில்

இந்த வாரம் வந்ததில் பாதிக்கு மேல் கேமரா கேள்விகள். கடிதங்களைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். வால்பாறை, ராமேஸ்வரம் என்று போய்வருவோம். பேரனின் பள்ளி ஆண்டு விழாவையும் எடுக்க வேண்டும். கைப்பையில் அடங்குகிற ஜூம் கேமரா, 50 ஆயிரத்துக்குள். 30 எக்ஸ் வாங்கலாமா, 40 எக்ஸ் வாங்கலாமா? (பொள்ளாச்சி வாசகி)

பதில்: ஆண்டு விழாவைச் சேர்த்தீங்களே டீச்சர், அங்கதான் சிக்கல். வால்பாறை மட்டும்னா ஒரே வரியில முடிச்சிருப்பேன்.

30 எக்ஸ்ங்கறது வெறும் வகுத்தல் கணக்கு. லென்ஸோட குவிதூரம் 24 மி.மீ.யில ஆரம்பிச்சு 720-ல முடிஞ்சா 30. 960-ல முடிஞ்சா 40. அவ்வளவு நீளத்தைக் கைப்பைக்குள்ள அடக்கணும்னா உள்ள இருக்கற சென்சாரை, அதாவது வெளிச்சத்தைப் படமா மாத்தற சில்லை, சின்னதாக்கித்தான் ஆகணும். இந்த ரகத்துல வர்றது 1/2.3 இன்ச் சென்சார். நிஜ அளவு சுமார் 6.2-க்கு 4.6 மி.மீ., உங்க சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. இதுக்கு அடுத்த ரகத்தை '1 இன்ச்'ம்பாங்க. அதுவும் ஒரு இன்ச் கிடையாது, 13.2-க்கு 8.8 மி.மீ. ஆனா பரப்பளவுல நாலு மடங்கு.

ஆழியாறு தாண்டி ஏறும்போது பாறையில நிக்கற வரையாடு, புதுத்தோட்டத்துல மரத்து மேல உக்காந்திருக்கற சிங்கவால் குரங்கு, இதெல்லாம் பகல் வெளிச்சத்துல 30 எக்ஸ் கேமரா நல்லாவே எடுக்கும். பேரன் மண்டப மேடையில ஆடறப்பதான் கை விரிக்கும். ஜூமை முழுக்க நீட்டினா லென்ஸ் திறப்பு எஃப் 3.3-லிருந்து 6.4-க்குச் சுருங்கிடும், அதாவது உள்ள வர்ற வெளிச்சம் கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கு. அதை ஈடுகட்ட கேமரா தானா ஐ.எஸ்.ஓ.வை, அதாவது வெளிச்ச உணர்திறனை, ஏத்தும். அப்புறம் படத்துல கண்ணும் மூக்கும் கரைஞ்சு கிடக்கும்.

மலையும் கோயிலும் முக்காவாசின்னா 30 எக்ஸ் போதும், 40-க்கு ஆசைப்பட வேண்டாம். சோனி ஹெச்.எக்ஸ்.99 (2018), பானாசோனிக் டி.இசட்.99 (2025) ரெண்டுமே 24–720 தான். சோனியில கண்ணை வெச்சுப் பார்க்கற வியூஃபைண்டர் இருக்கு, பானாசோனிக்கில இல்லை. தனுஷ்கோடி மணல்ல மதியம் பன்னண்டு மணிக்கு நின்னு ஸ்கிரீனைப் பார்த்தா உங்க முகம்தான் தெரியும். அப்ப அருமை புரியும். மேடைதான் முக்கியம்னா சோனி ஆர்.எக்ஸ்.100 ஏழாவது மாடல் மாதிரி 1 இன்ச் கேமரா. ஜூம் 200 மி.மீ.யில நின்னுடும், ஆனா முகம் முகமா இருக்கும். புதுசு உங்க தொகைக்குள்ள வராது.

கடைக்காரர் காட்டற டெமோ வீடியோவைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. கேமராவைக் கையில வாங்கி வாசலுக்கு வாங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கற கடை போர்டுல போன் நம்பர் எழுதியிருக்கும், அதை முழு ஜூம்ல பிடிங்க. பட்டனைப் பாதி அழுத்தினதும் ஃபோகஸ் ஆச்சுன்னு காட்டற பச்சைக் கட்டம் உடனே விழுதா, இல்லை லென்ஸ் முன்னயும் பின்னயும் போய்த் தேடுதா? அடுத்து கடைக்குள்ள வந்து, ஃபிளாஷை அணைச்சுட்டு, மூலையில உங்க வீட்டுக்காரரை நிக்க வெச்சு அதே ஜூம்ல ஒண்ணு. இந்த ரெண்டு படத்தையும் எடுக்க விடாத கடையில வாங்க வேண்டாம்.

கேள்வி: ஆப்டிகல் ஜூம், டிஜிட்டல் ஜூம் இரண்டில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? (கரூர்)

பதில்: ஆப்டிகல், அதாவது லென்ஸ் நகர்ந்து செய்யற ஜூம். டிஜிட்டல்ங்கறது படத்தை வெட்டிப் பெருசாக்கறது, அதை வாங்கின அன்னிக்கே மெனுவில போய் அணைச்சு வைங்க.

கேள்வி: என் போனிலேயே 100 எக்ஸ் இருக்கிறது. தனியாகக் கேமரா எதற்கு? (நாமக்கல்)

பதில்: அந்த நூறுல லென்ஸ் செய்யற வேலை அதிகம் போனா பத்து. மிச்சமெல்லாம் மேல கரூர்க்காரருக்குச் சொன்ன டிஜிட்டல் சமாச்சாரம்தான். போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் தவிர எங்கயும் பார்க்க மாட்டீங்கன்னா போனே போதும்.

கேள்வி: மகளின் கல்லூரிச் சுற்றுலாவுக்காக ஆன்லைனில் 4,200 ரூபாய்க்கு ஒரு கேமரா வாங்கினேன். '48 மெகாபிக்சல், 4கே, 16 எக்ஸ் ஜூம்' என்று போட்டிருந்தது. ஜூம் அழுத்தினால் லென்ஸ் அசையவே இல்லை, படம் கட்டம் கட்டமாக உடைகிறது. திருப்பி அனுப்பக் கேட்டால், 'பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், பொருளில் பழுது இல்லை' என்கிறார்கள். தையல் வேலை செய்து சேர்த்த பணம். (கோபிசெட்டிபாளையம் வாசகி)

பதில்: அம்மிணி, உங்க மேல துளியும் தப்பில்லை. பெட்டியைத் திறக்காம கேமரா எப்படி இருக்குன்னு எந்த மகராசனுக்குத் தெரியும்?

இந்த ரகக் கேமரா மேல எனக்கு ரொம்ப நாளா எரிச்சல், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். லென்ஸ் நகராம ஜூம் பண்றதுன்னா, படத்தோட நடுவுல ஒரு துண்டை வெட்டிப் பெருசாக்கிக் காட்டறது, அவ்வளவுதான். 16 எக்ஸ்னா அகலத்துல பதினாறுல ஒண்ணு, உயரத்துலயும் பதினாறுல ஒண்ணு, ஆக 256-ல ஒரு பங்கு. அவங்க சொல்ற 48 மெகாபிக்சலை அப்படியே நம்பினாலும், 4 கோடியே 80 லட்சம் புள்ளியை 256-ஆல வகுத்தா மிஞ்சறது 1,87,500 புள்ளி. பழைய பட்டன் போன்ல இருந்த வி.ஜி.ஏ. கேமராவுக்கே 3,07,200 புள்ளி! அதைவிடக் கேவலமான படத்துக்குத்தான் '16 எக்ஸ்'னு கொட்டை எழுத்துல விளம்பரம்.

அந்த 48-ம் இந்த மாதிரிப் பெட்டிகள்ல பல சமயம் பொய்க்கணக்குதான். சென்சார் கொடுக்கறது கொஞ்சம் புள்ளி, நடுவுல சாஃப்ட்வேர் தானா யூகிச்சு நிரப்பறது மிச்சம். கையேட்டுல எங்கயாவது பொடி எழுத்துல 'இன்டர்போலேஷன்'னு இருக்கும், தேடிப் பாருங்க. இருந்தா அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைங்க, உங்களுக்குச் சாட்சி.

நிஜமான ஜூம் கேமராவைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு இடம் பார்த்தாப் போதும். லென்ஸோட வளையத்துல நிஜக் குவிதூரம் மில்லிமீட்டர்ல அச்சாகியிருக்கும் (மேல டீச்சருக்குச் சொன்ன 24–720 ஃபிலிம் கேமராவோட ஒப்பிட்டுச் சொல்ற கணக்கு). '4.3–129'னு ரெண்டு எண் இருந்தா பின்னதை முன்னதால வகுங்க, 30 வரும், அதுதான் ஆப்டிகல் ஜூம். ஒரே எண்தான் இருக்குன்னா அந்தக் கேமராவில ஆப்டிகல் ஜூமே கிடையாது, பெட்டியில என்ன எழுதியிருந்தாலும் சரி.

இனி பணத்துக்கு வருவோம். 2020-ம் வருஷத்து மின்வணிக விதிகள்படி, விளம்பரத்துல சொன்ன அம்சம் பொருள்ல இல்லைன்னா திரும்ப எடுக்க மாட்டேன்னு விற்பனையாளர் சொல்லக் கூடாது. 'பழுது இல்லை'ங்கற பேச்சே செல்லாது. பழுதுன்னா நீங்க சொன்னீங்க? சொன்ன பொருள் இதில்லைன்னுதானே சொன்னீங்க? முதல்ல விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்க, இன்னிக்கே எடுங்க, நாளைக்கு மாத்திடுவாங்க. லென்ஸ் நகராம ஜூம் ஆகறதைப் போன்ல வீடியோ பிடிங்க. அந்தத் தளத்தோட குறைதீர் அலுவலருக்கு எழுத்துல புகார் அனுப்புங்க. 48 மணி நேரத்துல புகார் கிடைச்சதுன்னு பதில் தரணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் கூப்பிட்டுப் பதிவு பண்ணிடுங்க. நிறையப் பேருக்கு இங்கயே முடிஞ்சுடும்.

முடியலைன்னா ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம், கம்பெனி டெல்லியில இருந்தாலும் அவங்கதான் இங்க பதில் சொல்லணும். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இ-ஜாக்ருதி தளத்துல ஆன்லைன்லயே போடலாம். 4,200 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலான்னு வீட்டுல சொல்வாங்க. சொல்லட்டும். அந்த நினைப்பை நம்பித்தான் இவங்க கடையே நடத்தறாங்க. கடிதம் எழுத ஒத்தாசை வேணும்னா எனக்கு அனுப்புங்க, திருத்தித் தர்றேன்.

கேள்வி: விமர்சனம் பார்த்து 83 எக்ஸ் கேமரா (நிக்கான் பி950) ஆன்லைனில் வாங்கினேன். பாக்கெட்டில் வைக்க முடியவில்லை, கழுத்தில் மாட்டினால் வலிக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் போட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா? (திருப்பூர்)

பதில்: எதுக்குங்க கிடைக்கணும்? அது ஒரு கிலோ கேமரான்னு விவரப் பக்கத்துல எடை போட்டிருப்பான். படிக்கலை. கடையில போய்த் தூக்கிப் பார்க்கலை. பழுதான பொருளுக்கும் சொன்னபடி இல்லாத பொருளுக்கும்தான் சட்டம், மனசு மாறினதுக்கு இல்லை. போன மாசமும் ஒருத்தர் இதே கேமராவுக்கு இதே கேள்வி.

ஆனா உங்க ஊர்லயே நஞ்சராயன் குளம் இருக்கு, 2024-ல ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களோட பட்டியல்ல, சேர்ந்த இடம். குளிர்காலத்துல பட்டைத்தலை வாத்து வரும். கேமராவை மாட்ட ஒரு முக்காலி வாங்கிட்டு விடிகாலையில கரையில போய் நில்லுங்க. அந்தக் கேமராவைச் செஞ்சதே அதுக்குத்தான்.

கேள்வி: பில் போடாமல் வாங்கினால் 18 சதவீதம் குறைத்துத் தருவதாகக் கடையில் சொல்கிறார்கள். 50 ஆயிரம் ரூபாய்க் கேமரா. லாபம்தானே? (ஈரோடு)

பதில்: முதல்ல கணக்கு. கேமராவுக்கு 28 சதவீதமா இருந்த ஜி.எஸ்.டி. 2019 ஜனவரியில 18 ஆச்சு. 50 ஆயிரம் வரியோட சேர்ந்த விலைன்னா அதுல இருக்கற வரி 9,000 இல்லை, 7,627 ரூபாய். பில் போடாம 9,000 குறைக்கறார்னா மிச்சத்தை அவர் கைக்காசுலயா தர்றார்? ஒண்ணு விலையை முன்னாடியே ஏத்தியிருப்பார், இல்லைன்னா அது இந்தியாவுக்கு முறையா வந்த சரக்கே இல்லை. பெட்டியைத் திருப்பிப் பாருங்க. இறக்குமதி செஞ்ச கம்பெனியோட பேர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, மாசம் வருஷம், வாடிக்கையாளர் சேவை எண் போட்ட ஸ்டிக்கர் கட்டாயம் இருக்கணும். இல்லாட்டி கேமரா அசலாவே இருந்தாலும் இங்க வாரண்டி கேட்டு நிக்க முடியாது.

பில் தர மறுக்கறதே 2019 சட்டத்துல முறையற்ற வணிகம். 'விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது'ன்னு ரப்பர் ஸ்டாம்ப் குத்தித் தர்றதைப் பார்த்தும் பயப்படாதீங்க. பழுதான பொருளை, பில்லுல காலக்கெடு போடலைன்னா 30 நாளுக்குள்ள திரும்ப எடுக்க மறுக்கறதும் அதே குற்றச்சாட்டுலதான் வரும். ஆனா பில்லே இல்லைன்னா நீங்க அந்தக் கடைக்குப் போனதுக்கே அத்தாட்சி தேடணும். என் பீரோவுல 'பில் இல்லாம பாதி விலை'ன்னு வாங்கின கேமரா பேட்டரி ரெண்டு உப்பிப்போய்க் கிடக்கு. வித்தவர் கடையில இப்ப செருப்பு விக்கறாங்க.

கேள்வி: கோடாக் பெயரில் சின்ன ஜூம் கேமராக்கள் விற்கிறார்களே, பழைய கோடாக்தானா? (சத்தியமங்கலம்)

பதில்: இல்லைங்க. பழைய கம்பெனி 2012-லயே டிஜிட்டல் கேமராவை நிறுத்திடுச்சு. இப்ப வர்றது ஜேகே இமேஜிங்னு வேற கம்பெனி, பேரை உரிமம் வாங்கிப் போடுது. அதுக்காக மோசம்னு அர்த்தமில்லை. அப்பா காலத்துப் பேரை நம்பிக் காசைக் கொடுக்காம, லென்ஸ் வளையத்தைப் பார்த்துக் கொடுங்க.

கேள்வி: பனியன் கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருக்கிறேன். மாதிரித் துணிகளைப் படமெடுக்க ஜூம் கேமரா வைத்திருக்கிறேன். ஒரு வருடத்தில் எல்லாப் படத்திலும் சாம்பல் நிறப் புள்ளிகள். லென்ஸைத் துடைத்தும் போகவில்லை. (அவினாசி)

பதில்: துடைச்சாப் போகாது, அது உள்ள இருக்கு தம்பி. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் லென்ஸ் குழாய் வெளிய நீளும், அப்ப காத்தை உள்ள இழுக்கும். உங்க கட்டிங் டேபிள் மேல மிதக்கற பஞ்சுத்தூசியும் கூடவே போய் சென்சார்ல உக்காரும். உறுதிப்படுத்திக்க, ஜூமை முழுக்க நீட்டி, எஃப் 8 வெச்சு, வெள்ளைச் சுவரை எடுங்க. அடுத்து வானத்தை எடுங்க. ரெண்டுலயும் அதே இடத்துல அதே புள்ளி இருந்தா சென்சார் தூசிதான்.

லென்ஸ் மேல வாக்குவம் கிளீனரை வெச்சு உறிஞ்சச் சொல்லி வீடியோ சுத்துது. வேண்டவே வேண்டாம். செகண்ட் ஹேண்ட்ல நான் வாங்கின ஒரு கேமராவுக்கு, வித்தவர் அந்த வைத்தியத்தை முன்னாடியே பண்ணியிருந்தார் போல. மூணாம் நாள் லென்ஸ் பாதி நீண்டு, கரகரன்னு சத்தம் போட்டு, அப்படியே நின்னுடுச்சு. சர்வீஸ் சென்டர்ல பிரிச்சுத்தான் சுத்தம் பண்ணணும். எவ்வளவு செலவாகும்னு முதல்லயே எழுத்துல வாங்கிக்குங்க. கேமரா விலையில மூணுல ஒண்ணுக்கு மேல கேட்டா விட்டுடுங்க. துணியை எடுக்க ஜூமும் தேவையில்லை. லென்ஸ் வெளிய நீளாத வாட்டர்ப்ரூஃப் ரகம், ஓ.எம். சிஸ்டம் டி.ஜி.7 மாதிரி, உங்க வேலைக்குச் சரி. நெசவு வரைக்கும் கிட்டப் போய் எடுக்கலாம்.

கேள்வி: 1 டி.பி. மெமரி கார்டு சந்தையில் 450 ரூபாய்க்கு வாங்கினேன். கொஞ்சம் படம் எடுத்த பிறகு பழைய படங்கள் திறக்கவில்லை. (தாராபுரம்)

பதில்: 450 ரூபாய்க்கு 1 டி.பி. வந்திருந்தா எனக்கும் ஒண்ணு வாங்கி அனுப்பியிருப்பீங்களே! கம்மிக் கொள்ளளவு கார்டுக்குப் பெரிய நம்பர் எழுதின போலி அது. உள்ள இடம் தீர்ந்ததும் பழசு மேலயே எழுதும். அதுல இனி ஒரு படம்கூட எடுக்காதீங்க, திறக்கற படங்களை உடனே வேற இடத்துக்கு மாத்துங்க. புதுக் கார்டு வாங்கினதும் முழுக்க வீடியோவால நிரப்பி, கம்ப்யூட்டர்ல போட்டுக் கடைசி வரைக்கும் ஓடுதான்னு பாருங்க, ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி.

கேள்வி: எஸ்டேட்டில் வேலை. ஆடி மழையில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கிறது. அரிசிப் பானைக்குள் வைக்கலாமா? (வால்பாறை)

பதில்: அரிசி வேண்டாமுங்க, மாவுத்தூசி உள்ள போகும். காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க. நிறம் மாறற ரகமா வாங்கினா ஈரம் ஏறினது கண்ணுக்குத் தெரியும், வறுத்துத் திரும்பப் போடலாம். தோல் உறை எதுலயும் வெச்சு மூடாதீங்க, ஈரத்தை அதுதான் பிடிச்சு வைக்கும். வெயில் அடிக்கற நாள்ல வெளிய எடுத்து நாலு படம் எடுங்க.