400 வெள்ளி பேஸ் கிட்டாருக்குப் புதிய பிக்கப்பும் ப்ரீஆம்ப்பும் போட்டால் ஒலி மாறுமா?

ஃபெண்டர் நிறுவனத்தின் ஜாஸ் பேஸ் வடிவில் செய்த நான்கு தந்தி பேஸ் கிட்டார் ஒன்றை 400 வெள்ளிக்கு வாங்கி இரண்டு ஆண்டுகளாக வாசிப்பதாகவும், ஒலி போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மந்தமாக இருப்பதாகவும், மேலும் 500 வெள்ளி செலவழித்து, தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் பிக்கப்பை மாற்றி, அந்தச் சமிக்ஞையை வலுப்படுத்தித் திருத்தும் ப்ரீஆம்ப்பையும் பொருத்தலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சிங்கப்பூரில் வீவக அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையில் சிறிய ஆம்ப் ஒன்றை வைத்துக்கொண்டு, அண்டை வீட்டாருக்குக் கேட்டுவிடுமோ என்ற கவலையுடன் வாசிப்பவர் நீங்கள் என்று நானாகவே ஊகித்துக்கொள்கிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒலி நிச்சயமாக மாறும். ஆனால் எது ஒலியைக் கெடுக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு முன் அந்த 500 வெள்ளியைச் செலவழிக்காதீர்கள். நான் மின்னணுப் பொறியாளன் அல்லன். மெல்லிசைக் குழுக்களில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக பேஸ் வாசித்து வருபவன். இதே கேள்விக்கு அவசரப்பட்டு விடை தேடிப் பணத்தையும் ஒரு மேடையையும் இழந்தவன் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2013ஆம் ஆண்டின் இறுதியில், உங்களுடையதைப் போன்ற ஒரு பேஸில் இரண்டு கட்டுப்பாடுகள் கொண்ட ப்ரீஆம்ப் ஒன்றைப் பொருத்தினேன். கருவிக்கும் கூலிக்குமாக 380 வெள்ளி ஆயிற்று. பொருத்திக் கொடுத்தவரின் பெயர் இங்கே தேவையில்லை. வீட்டுக்கு வந்து ஆம்ப்பில் செருகி, தாழ்ந்த ஒலிகளைக் கூட்டும் பேஸ் கட்டுப்பாட்டை முக்கால் அளவு திருப்பியதும் அறை நிறைந்துவிட்டதுபோல் இருந்தது. அன்று எனக்குப் புரியாதது இதுதான். கடைசித் தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் அதன் அடிப்படை அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ். எட்டு அங்குல ஸ்பீக்கர் கொண்ட என் ஆம்ப்பால் அதை ஒழுங்காக வெளியிடவே முடியாது. பெரும்பாலும் 82 ஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும் உள்ள கிளைச்சுரங்களையே நாம் கேட்கிறோம், அடிச்சுரத்தை மூளை தானாக நிரப்பிக்கொள்கிறது. ப்ரீஆம்ப்பின் பேஸ் கட்டுப்பாடோ, பல கருவிகளில், 40 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள பகுதியைத்தான் தூக்குகிறது. ஆக, வீட்டில் கேட்காத ஒன்றை நான் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஹோட்டல் மண்டபத்தில் திருமண விருந்து. அந்த மண்டபத்தின் ஸ்பீக்கர்களுக்கு 41 ஹெர்ட்ஸை வெளியிடுவது ஒரு பொருட்டே இல்லை. முதல் பாடலிலேயே மேசைகளில் கண்ணாடிக் குவளைகள் அதிர்ந்தன, தபேலாவின் இடக்கை முரசான பாயாங்கின் ஒலி எங்கோ அமுங்கிப் போயிற்று, ஒலிக் கலவை செய்தவர் தூரத்திலிருந்து இரண்டு கைகளாலும் தாழ்த்தச் சொல்லிக்கொண்டிருந்தார். தாழ்த்தினேன், பேஸ் காணாமலே போய்விட்டது. நம் மெல்லிசை மேடையில் தபேலாவும் டோலக்கும் அடிப்பகுதியை முன்னரே பிடித்துக்கொண்டிருக்கின்றன. இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் தனக்கென ஒரு மெட்டை வைத்துக்கொண்டு நடக்கும். அந்த நடை சபையில் இருப்பவருக்குக் கேட்க வேண்டுமானால் 200 முதல் 800 ஹெர்ட்ஸ் வரையிலான நடுப்பகுதி தெளிவாக இருக்க வேண்டும். என் ப்ரீஆம்ப்பில் அந்தப் பகுதிக்குக் கட்டுப்பாடே கிடையாது.

அத்துடனும் முடியவில்லை. நிகழ்ச்சி முடிய இரண்டு பாடல்கள் இருக்கும்போது ஒலி சுருங்கத் தொடங்கி, அழுத்தி மீட்டிய ஒவ்வொரு சுரமும் தகரத்தைக் கிழிப்பதுபோல் வந்து, பிறகு முற்றாக நின்றுவிட்டது. 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டது. கீபோர்டு வாசித்த அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, இடக்கையால் பேஸ் பகுதியையும் சேர்த்து வாசித்து நிகழ்ச்சியை முடித்தார். யாரும் வித்தியாசத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அதற்கடுத்த மாதம் ஏற்பாட்டாளர் ஒருவர், "பேஸுக்குத் தனியாக ஆள் வேண்டுமா தம்பி, கீபோர்டிலேயே சமாளித்துவிடலாமே" என்று என்னிடமே கேட்டார். இன்றும் பல நிகழ்ச்சிகளில் பேஸ் கலைஞருக்குத்தான் முதலில் சம்பளம் குறைக்கிறார்கள், அல்லது முன்பதிவு செய்த தடத்தை ஓடவிட்டுவிடுகிறார்கள். இடக்கை வாசிப்பைக் குறைத்துப் பேசுகிறேன் என்று கீபோர்டு கலைஞர்கள் கருத வேண்டாம். விரலால் மீட்டிய தந்தி விட்டுச் செல்லும் இழுவையும் இடைவெளியும் வேறு, அதற்கும் ஒரு நாற்காலி ஒதுக்கப்பட வேண்டும் என்றே சொல்கிறேன்.

பேட்டரிக்கு வருகிறேன். அது தீர்வது அப்போது மூன்றாவது முறை. நாட்காட்டியைப் பார்த்தபோது, ஒவ்வொரு முறையும் மூன்று வாரத்தை ஒட்டியே தீர்ந்திருந்தது. அந்த ப்ரீஆம்ப் ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியர் எடுக்கும் என்று அதன் தாளிலேயே அச்சிட்டிருந்தார்கள். நல்ல அல்கலைன் 9 வோல்ட் பேட்டரியின் கொள்ளளவு 500 மில்லி ஆம்பியர் மணி அளவில் இருக்கும். 500 மணி நேரம் என்பது 21 நாள். நானோ வாரத்தில் ஆறு மணி நேரம்கூட வாசிப்பதில்லை. அப்படியானால் கேபிளைக் கழற்றிய பிறகும் பேட்டரியிலிருந்து மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள்.

பழைய பொருள்கள் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017இல் மூடப்படுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் அங்கே வாங்கிய பழைய மல்ட்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. பேஸை மேசையில் கவிழ்த்துத் துண்டு விரித்து, பின்மூடியைத் திறந்தேன். இத்தகைய கருவிகளில் கேபிளைச் செருகும் இடத்தில் மூன்று முனை கொண்ட ஜாக் பொருத்துவார்கள். பேட்டரியின் கறுப்புக் கம்பி நடு முனையில் பற்றவைக்கப்பட வேண்டும். கேபிளைச் செருகும்போது மட்டும் அந்த முனை தரைமுனையுடன் இணைந்து பேட்டரி இயங்கும், கழற்றினால் நின்றுவிடும். என் பேஸில் அந்தக் கறுப்புக் கம்பி மற்ற தரைக்கம்பிகளோடு சேர்ந்து ஒரே ஈய உருண்டைக்குள் புதைந்திருந்தது. நடு முனை ஈயமே படாமல் புத்தம்புதிதாகப் பளபளத்துக்கொண்டிருந்தது. ஒரு கம்பியை அரை அங்குலம் நகர்த்திப் பற்றவைத்ததும், கேபிளைக் கழற்றியவுடன் மின்சாரம் போவது நின்றது.

திறந்ததுதான் திறந்தோம் என்று அனைத்தையும் அளந்து பார்த்தேன். எனக்கு உண்மையான பாடம் அங்கேதான் கிடைத்தது. ப்ரீஆம்ப் பொருத்தியவர் முன்பு கழற்றி எனக்குத் திருப்பித் தந்திருந்த பழைய பாட்களில், அதாவது வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் திருகு மின்தடைகளில், 'பி250கே' என்று அச்சிட்டிருந்தது. 'பி' என்றால் சீராக ஏறும் வகை, 'ஏ' என்றால் காதின் உணர்வுக்கு ஏற்ப ஏறும் வகை. சீராக ஏறும் 'பாட்' ஒன்றைப் பாதிவரை குறைத்தாலும் ஒலி 6 டெசிபல்தான் குறையும். பிறகு கடைசிச் சிறு திருப்பத்தில் திடீரென விழுந்துவிடும். டோன் குமிழும் அதேபோல் பெரும்பகுதி ஒன்றும் செய்யாமல் இருந்து இறுதியில் ஒரேயடியாக மூடிக்கொள்ளும். "இந்த பேஸில் டோன் குமிழ் வேலை செய்யாது" என்று நான் இத்தனை ஆண்டுகள் சொல்லிவந்ததன் காரணம் இவ்வளவுதான். மறுநாள் சிம் லிம் டவருக்குப் போனேன். உதிரிப்பாகக் கடையில் இருந்த சீன அங்கிள், 250 கிலோ ஓம் என்றதும் நிமிர்ந்து பார்த்து, "ஏ-யா, பி-யா?" என்று கேட்டார். ப்ரீஆம்ப் வாங்கியபோது யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. மூன்று பாட், ஒரு ஜாக், டோன் குமிழுக்கான ஒரு கெப்பாசிட்டர் (மின்தேக்கி) எல்லாம் சேர்ந்து 20 வெள்ளியைத் தாண்டவில்லை.

ப்ரீஆம்ப்பைக் கழற்றிவிட்டு அவற்றைப் பொருத்தி, புதிய தந்தி மாற்றி, பிக்கப்பின் உயரத்தைச் சரிசெய்தேன். கடைசிக் கட்டையில் தந்தியை அழுத்திப் பிடித்தபடி, தந்திக்கும் காந்தத்துக்கும் இடையே 2 முதல் 3 மில்லிமீட்டர் இருக்குமாறு வைத்தேன். போர்வை விலகிவிட்டது. பழைய தந்திகள் மூன்று ஆண்டு வியர்வையில் ஊறியவை. அவற்றில் உயர் கிளைச்சுரங்களே எழாதபோது ப்ரீஆம்ப் எதைத் தூக்கும்?

பிக்கப் ஒரு கம்பிச் சுருள். அதன் தூண்டுதிறன் (இண்டக்டன்ஸ்) 4 ஹென்றி என்று வைத்துக்கொள்வோம். கேபிளுக்கு மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் அளவில் கொண்மம், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் தன்மை, உண்டு. இரண்டும் சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் மேடு எழுப்பி, அதற்கு மேலுள்ளதை வெட்டிவிடுகின்றன. கணக்குக்காகக் கேபிளை மட்டும் எடுத்துக்கொண்டால், 3 மீட்டர் கேபிளில் அந்த மேடு 4,600 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். 10 மீட்டர் கேபிளில் 2,500க்கு இறங்கிவிடும். விரல் தந்தியைத் தொடும் ஒலி, கட்டையில் தந்தி படும் ஒலி எல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கின்றன. டோன் குமிழை முழுதாக மூடும்போது 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இந்தக் கணக்கில் சேர்ந்து, வெட்டுமிடத்தை 370 ஹெர்ட்ஸ் அளவுக்குக் கொண்டுவருகிறது. 0.1 போட்டால் 250, 0.022 போட்டால் 540. பழங்காலப் பாணியில் உருண்டையாக ஒலிக்க வேண்டுமா, மூடிய நிலையிலும் சற்றுத் துலக்கம் வேண்டுமா என்பதை ஒரு வெள்ளிக்கும் குறைவான இந்தப் பொருளே முடிவுசெய்கிறது. எண்ணெய்த்தாள் கெப்பாசிட்டருக்கு 40 வெள்ளி கொடுத்தவர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும். ஒரே அளவுள்ளவையா என்று மீட்டரில் சரிபார்த்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பதிவுசெய்து கேட்டேன். என் காதுக்கு வேறுபாடு தெரியவில்லை. அச்சிட்ட அளவிலிருந்து 10 அல்லது 20 விழுக்காடு விலகியிருப்பதே பெரும்பாலும் நாம் கேட்கும் வேறுபாடு.

உங்கள் கேள்வியில் இரைச்சல் பற்றியும் ஒரு வரி இருந்தது. ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்புகளும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை. இரண்டும் முழுதாகத் திறந்திருக்கும்போது இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், ஒன்றைக் குறைத்தால் நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் திரும்பிவிடும். அது கோளாறு ஆகாது. உள்குழியில் செப்புத் தாள் ஒட்டித் தரைக்கம்பியுடன் இணைத்தால் விளக்குகளிலிருந்து வரும் சரசரப்பு குறையும்; ரீங்காரம் பெரிதாகக் குறையாது. அந்த ரீங்காரமும் வேண்டாம் என்றால் ஒவ்வொரு பிக்கப்பும் தனக்குள்ளேயே இரைச்சலை அழிக்கும் இரட்டைச் சுருள் வகைக்கு மாற வேண்டும். பிக்கப் மாற்ற எனக்குத் தெரிந்த மிக நேர்மையான காரணம் இதுவே. குமிழைத் திருப்பும்போது கரகர என்று கேட்டால், சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில் பாட்களுக்குள் படிந்த அழுக்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ப்ரீஆம்ப்புக்கு நான் எதிரி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1976இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே என்ற பேஸ் ப்ரீஆம்ப்போடுதான் பிறந்தது, அதன் குரலே அதுதான். பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் 1977ஆம் ஆண்டு ஜாஸ் பேஸில் கிட்டார் செய்பவரான ரோஜர் சடோவ்ஸ்கி ப்ரீஆம்ப் பொருத்தியதால் ஓர் ஒலிப் பாணியே பரவியது. மறுபக்கம், ஜேம்ஸ் ஜேமர்சன் பேட்டரியே இல்லாத பிரிசிஷன் பேஸில்தான் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான மோடவுனின் பாடல்களை வாசித்தார். ப்ரீஆம்ப் இருந்தால் கேபிளின் நீளம் ஒரு பிரச்சினையாக இருக்காது, மேடையிலேயே நடுப்பகுதியைத் திருத்திக்கொள்ளலாம். இன்று நானும் வேறொரு பேஸில் நடுப்பகுதிக் கட்டுப்பாடும், பேட்டரி தீர்ந்தால் ப்ரீஆம்ப்பைத் தவிர்த்து நேரடி இணைப்புக்கு மாற்றிக்கொள்ளும் சுவிட்சும் உள்ள ஒன்றை வைத்திருக்கிறேன். அந்தச் சுவிட்ச் இல்லாத ப்ரீஆம்ப்பை மேடைக்குக் கொண்டுபோக மாட்டேன்.

உங்கள் பேஸுக்கு இப்போது செய்ய வேண்டியது: கேபிளைப் பேஸில் செருகி, மறுமுனையின் நுனியிலும் உடலிலும் மல்ட்டிமீட்டரை வைத்து மின்தடையை அளந்து பாருங்கள். ஒரு வால்யூமை மட்டும் முழுதாகத் திறந்தால் 7 கிலோ ஓமை ஒட்டி வர வேண்டும். இரண்டையும் திறந்தால் ஏறத்தாழ அதில் பாதி வர வேண்டும். ஒன்று சரியாகவும் மற்றொன்று தாறுமாறாகவும் இருந்தால் பற்றவைப்பிலோ பிக்கப்பிலோ பழுது. பின்னர் மூடியைத் திறந்து பாட்களின் முதுகில் 'ஏ'யா 'பி'யா என்று பாருங்கள், தந்தியை மாற்றுங்கள், 3 மீட்டர் கேபிளில் வாசித்துப் பாருங்கள். இவை அனைத்துக்கும் 80 வெள்ளிக்கு மேல் ஆகாது. அதற்குப் பிறகும் மந்தமாக இருந்தால் பிக்கப் வாங்குங்கள், ப்ரீஆம்ப்பைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அளந்த எண்களை இங்கே எழுதுங்கள். எந்த இடத்தில் பழுது என்று பார்த்துச் சொல்கிறேன்.